தலையாட்டல்

இலக்கம் நாற்பத்தொன்று.
முன்கண்ணாடியில் வெள்ளைச் சுண்ணாம்பால் அவர்கள் எழுதியது.
அதற்கு முன் அதன் இலக்கம் இருநூற்றுப் பதினேழு,
கதவு நிலையில் அறைந்த பித்தளைத் தகட்டில்:
நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.
மற்றவை எங்கே என்று கேட்காதீர்கள்.
பாதியைத் துரு தின்றது. மிச்சத்தை மின்கம்பங்கள்.

லிண்ட்சே பக்கத்து வைக்கோல் கொட்டிலில்
எலிகள் குடும்பம் நடத்திய இருக்கையோடு
இதை நான் வாங்கியபோது
தவமலர் ஒன்றும் சொல்லவில்லை.
பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்து
மா படிந்த கையோடு நான் கராஜுக்குள் போனதற்கும்
ஏழு வருடம் ஒன்றும் சொல்லவில்லை.
வயர்களைக் கழற்றிய கிழமை மட்டும்
என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு
"கோழி கிளறினது போல" என்று பேனையைப் பறித்தாள்.
மாஸ்கிங் ரேப்பில் அவள் எழுதியவை:
இடது விளக்கு.
வலது விளக்கு.
ஹோர்ன்.
இதில கை வைக்காதேங்கோ, அடிக்கும்.

அந்தக் கடைசித் துண்டை உரிக்க மறந்துவிட்டேன்.
ஏலக் கம்பனிப் பையன் டாஷ்போர்டின் கீழே
டோர்ச்சோடு மல்லாந்து கிடந்து படமெடுத்தான்.
தொழிற்சாலைக் குறியா என்று கேட்டான்.
அரிய குறி என்றால் விலை கூடும் என்றான், ஆசையோடு.
இல்லைத் தம்பி, மனைவி என்றேன்.

ஏன் விற்கிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.
வீட்டுக் கடன் புதுப்பிக்கிற வருடம்; வட்டி
இரண்டிலிருந்து ஐந்தரைக்கு ஏறியிருந்தது.
அது சபையில் சொல்லும் காரணம்.
உண்மை முழங்காலில் இருந்தது.
அந்தக் கார் நிலத்திலிருந்து ஒரு சாண்.
இறங்குவதென்றால் கதவைத் திறந்து,
இடது கையை நிலத்தில் ஊன்றி,
நாலு காலில் நின்று,
பிறகுதான் மனிதனாக எழ வேண்டும்.
போன ஆவணியில் பெற்றோல் நிலையத்தில்
ஒரு பெடியன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.
அன்றைக்கே விற்றாயிற்று.
மிசிசாகா மண்டபத்தில் நடந்தது வெறும் பதிவு.

மண்டபத்துக்குள் என்ஜினை இயக்கக் கூடாது, புகை.
வெள்ளைக் கையுறை போட்ட இருவர்
பிணத்தைப் போல, இல்லை, மாப்பிள்ளையைப் போலத்
தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
மூவாயிரம் சுற்றில் அதற்குத் தொண்டை மாறும் ஓரிடம்,
அதற்காகவே காபரேட்டரைப் பதினொரு தடவை கழற்றினேன்,
அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை.
நிறத்தைத்தான் பார்த்தார்கள்.
ஈரச் செங்கல் நிறம். எட்டுப் பூச்சு.

ஏலம் கூறுபவர்
சட்டியில் கச்சான் வறுபடுவது போலப் பேசினார்.
ஐம்பத்தைந்து. அறுபது. அறுபத்துநாலு.
அறுபத்தெட்டில் சட்டி ஆறிப்போனது.
நான் வைத்த அடிவிலை எழுபத்தைந்து.

கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் குனிந்து
காதுக்குள் கேட்டார்:
இறக்கட்டுமா? அறுபத்தெட்டுக்கே விடலாமா?
விடுங்கோ, போகட்டும் என்று
தலையாட்டினேன்.
எங்கள் ஆட்டல். தோளுக்குத் தோள்,
கோயில் மணியின் நாக்குப் போல.
அவர் முகம் வெளுத்தது. நிமிர்ந்தார்.
மேடையைப் பார்த்து, இல்லை என்று கை விரித்தார்.
வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை.
அதற்குள் தொலைபேசிப் பெண் கையை உயர்த்தினாள்,
கல்கரியிலிருந்து யாரோ, எழுபது.
முன்வரிசைத் தொப்பி, எழுபத்திரண்டு.
கல்கரி. தொப்பி. கல்கரி.
எழுபத்தொன்பதாயிரத்தில் சுத்தியல் விழுந்தது.

கழுத்துப்பட்டிக்காரர் முதுகில் தட்டினார்:
இரும்பு நெஞ்சய்யா உமக்கு.
விற்பவர் பெயர் வரவேண்டிய இடத்தில்
தாளில் அச்சடித்திருந்தது: ஒன்ராறியோவாசி ஒருவர்.
ஒன்ராறியோவாசி ஒருவர் கழிப்பறைக்குப் போய்
முகம் கழுவினார்.

கொரோலாவைத் தவமலர் ஓட்டினாள்.
நானூற்றொன்றில் பனித்தூறல்.
கல்கரிக்காரர் அதை ஓட்டுவாரா,
கண்ணாடி அறைக்குள் நிறுத்துவாரா, தெரியாது.
என்றைக்கோ ஒரு மெக்கானிக் டாஷ்போர்டின் கீழே படுப்பான்.
படிக்கத் தெரியாமல் கை வைப்பான்.
அடிக்கும்.

ஏஜக்ஸ் வந்து கராஜைத் திறந்தால்
நடுவில் எண்ணெய்க் கறை, அதைச் சுற்றி
எவ்வளவு இடம்.
"தேத்தண்ணி வேணுமோ?"
தலையாட்டினேன்.
ஊற்றினாள்.